பெயரை வெட்டிவிடுவோம் என்ற குரல்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நான் பிறந்து வளர்ந்த லயத்துக்குப் போயிருந்தேன். பூண்டுலோயாப் பட்டணத்திலிருந்து மேலேறும் பாதையில், தேயிலைக்கும் மூடுபனிக்கும் நடுவே, அந்த லயம் இன்னமும் நின்றுகொண்டிருக்கிறது. கூரைத் தகரம் மட்டும் இரண்டொரு தடவை மாறியிருக்கிறது. அங்கே போனால் நான் முதலில் எட்டிப்பார்ப்பது மூன்றாம் காம்பராவில் இருக்கும் பெரியம்மாவைத்தான். இரத்த உறவால் அவர் எனக்குப் பெரியம்மா அல்லர். என் தாயார் கொழுந்தெடுக்கப் போன நாட்களில் பிள்ளைக்காம்பராவிலிருந்து என்னைத் தூக்கிவந்து சோறூட்டியவர். அவ்வளவுதான் உறவு, அதைவிட வேறென்ன உறவு வேண்டும்?

"வா தம்பி" என்றார். தேநீர் வந்தது; பேச்சு வரவில்லை. "போன் எங்கே பெரியம்மா? ரெண்டு வாரமா எத்தனை தடவை எடுத்தும் மணியே அடிக்கலியே" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய், அரிசிப் பானைக்குள் கையை விட்டு, கிழிந்த சேலைத் துணியில் சுற்றியிருந்த கைத்தொலைபேசியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"இந்தச் சனியன் இனி எனக்கு வேணாம். நீயே கொண்டுபோயிரு."

பிறகு விஷயம் துண்டு துண்டாக வெளிவந்தது. மூன்று வாரத்துக்கு முன்னர் ஒரு பிற்பகலில் தொலைபேசி மணி அடித்திருக்கிறது. பேசியவன், தான் கொழும்பிலே அஸ்வெசும அலுவலகத்து உத்தியோகத்தன் என்றானாம். முதியோர் கொடுப்பனவில் நிலுவைப் பணம் வந்து காத்திருக்கிறது. ஆனால் பட்டியலில் உங்கள் பெயர் பிழையாகப் பதிந்திருக்கிறது. இன்று மாலைக்குள் திருத்தாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்றானாம். பெரியம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. பாடசாலை விட்டு வந்திருந்த பேரனைக் கூப்பிட்டு, வங்கி அட்டையின் முன்புறத்திலும் பின்புறத்திலும் இருந்த இலக்கங்களை வாசித்துச் சொல்லச் சொன்னார். சற்று நேரத்தில் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த ஆறு இலக்கங்களையும் பையன் வாசித்தான். மறுபடியும் ஒன்று வந்தது, அதையும் வாசித்தான். எட்டாந் தரத்தில் படிக்கும் பிள்ளை. இங்கிலீஷ் எழுத்தைத் தடுக்காமல் வாசிப்பான் என்று பெரியம்மா எப்பொழுதும் பெருமைப்பட்டுக்கொள்வார். ஐந்து நிமிஷத்துக்குள் 34,000 ரூபா கணக்கைவிட்டுப் போய்விட்டது.

அது இன்ன பணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியம்மா தம்முடைய சாவுச் செலவுக்கென்று ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பணம் அது. "பெத்த பிள்ளைகிட்டக் கையேந்தாமப் போயிரணும்னு வெச்சிருந்தேன்" என்றார். கொழும்பிலே வேலை செய்யும் மகளுக்கு இன்னமும் சொல்லவில்லையாம். சொல்லக்கூடாதென்று பேரனிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். பையன் மூலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தையும் புரட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

இந்தக் கதையை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "இந்தக் காலத்திலும் இப்படி ஏமாறுவார்களா?" என்று சிரித்தார். நேயர்களே, இது சிரிப்புக்குரிய விஷயமன்று. பெரியம்மா முட்டாளும் அல்லர். கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தராசு காட்டுமுன் தாமே சொல்லக் கூடியவர். கடைக் கணக்கில் ஐந்து ரூபா பிசகினாலும் விடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு குரலை நம்பினாரென்றால் அந்த நம்பிக்கைக்கு வேர் இருக்கிறது. வேரைப் பார்க்காமல் "விழிப்பாய் இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

"என் பொறந்த தேதியச் சொன்னான் தம்பி. என் மகளுக்கே அது தெரியாது. கவர்மெந்தைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அவ்வருஷத்தின் எத்தனையாவது நாளிலே பிறந்தோம் என்பது. பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டியிருப்பார்கள். உதாரணமாக ஒருவரின் அட்டை 52574 என்று தொடங்கினால், அவர் பெண். 1952ஆம் வருஷத்தின் 74ஆம் நாளில், அதாவது மார்ச் 14ஆம் திகதி பிறந்தவர். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் வருஷம் நான்கு இலக்கமாக இருக்கிறதேயன்றி முறை இதுவேதான். ஆகவே அட்டை இலக்கம் எவன் கையிலிருக்கிறதோ அவனுக்குப் பிறந்த தேதி, வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் கிடைத்துவிட்டது. இதற்குச் சோதிடமும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம். அந்த இலக்கத்தை நாமோ சிம் வாங்கிய கடையிலும், தவணைக்குப் பொருள் வாங்கிய கடையிலும், பெயர் தெரியாத சங்கத்திலும் நிழற்பிரதியாகக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒருமுறை பட்டணத்தில் எனக்குக் கடலை சுற்றிக் கொடுத்த தாளில் எவரோ ஒருவரின் அடையாள அட்டை இருந்தது!

இரண்டாவது வேர் ஆழமானது. "பெயரை வெட்டிவிடுவார்கள்" என்ற சொல் நகரவாசிக்கு ஓர் அச்சுறுத்தலாக மாத்திரம் படலாம். தோட்டத்திலே பெயர் என்பது வேறு பொருளுடையது. ஒரு நாள் வேலையே இங்கே ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பெயர் இருந்தால் அடுப்பெரியும், இல்லையேல் இல்லை. அந்தப் பெயரையும் நாமா எழுதினோம்? கணக்கப்பிள்ளையோ கிளாக்கரோ தம் காதில் விழுந்தபடி எழுதினார். மாரியாயி ஒரு புத்தகத்தில் மாரியம்மாள், இன்னொன்றில் மாரி. பின்னொரு நாள் சேமலாப நிதியை வாங்கப் போகும்போது இந்த மூன்று பேரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அவள் படியேறி இறங்க வேண்டும். பெயர்ப் பிழையினால் பணம் தடைப்பட்ட வீடு இல்லாத லயம் உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

இதற்கும் மேலே நாட்டின் சரித்திரம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மலைகளில் உழைத்த மக்களின் பெயரைத் தேசத்தின் பட்டியலிலிருந்தே நீக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பெரியம்மாவின் அண்ணன் பெயர் ஒரு பட்டியலிலும் தங்கையின் பெயர் இன்னொரு பட்டியலிலும் விழுந்தன. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார். பிறகு இருவரும் சந்திக்கவேயில்லை. நாடற்றவராய் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் வரவேண்டியிருந்தது. பெரியம்மாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இன்றைக்கும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், கற்பூரப் பொட்டலத்தோடு இருக்கிறது. பட்டியலில் பெயர் தவறினால் கூடப்பிறந்தவனையே கடல் கொண்டுபோகும் என்று பன்னிரண்டு வயதிலிருந்து பழகியவரிடம், எவனோ ஒருவன் "மாலைக்குள் பெயரை வெட்டிவிடுவார்கள்" என்கிறான். அவர் எப்படி நிதானமாய் யோசிப்பார்? மோசக்காரனுக்கு இச்சரித்திரம் தெரிந்திருக்காது. ஆனால் அவன் வாயிலிருந்து விழுந்த சொல் சரியான இடத்தில் போய்த் தைத்துவிட்டது.

மூன்றாவது காரணத்தைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. "நல்ல தமிழ்ல பேசினான் தம்பி. அம்மா அம்மான்னு கூப்பிட்டான். சாப்பிட்டீங்களான்னு கேட்டான்." பெரியம்மாவின் வாழ்நாளில் எத்தனை அரசாங்க மேசைகளின் முன்னால் அவர் நின்றிருப்பார்! 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இருந்தும் புரியாத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடும் முதியவர்களை நான் இப்பொழுதும் காண்கிறேன். உண்மையான உத்தியோகத்தர்களில் அன்பாய்ப் பேசியவர்கள் உண்டு; இல்லையென்று சொல்லமாட்டேன். ஆயினும் "சாப்பிட்டீர்களா" என்று கேட்ட முதல் அரசாங்கக் குரல் கள்ளக் குரலாய் இருந்தது என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இனி, அஸ்வெசும என்பது யாது, அதன் பணம் எவ்வாறு வருகிறது என்பதையும் வீட்டிலுள்ளோர் அறிந்திருப்பது நல்லது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ், 2023 ஜூலையிலிருந்து இத்திட்டம் நடைபெறுகிறது. நலன்புரி நன்மைகள் சபை அதை நடத்துகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பத்தின் வங்கிக் கணக்கிலே பணம் வந்து விழும். பட்டியலில் குறையிருந்தால் முறையீடு செய்யும் இடம் பிரதேச செயலகம். வழி தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். சபையின் தொலைபேசி இலக்கம் 1924. நாம் அதற்குப் பேசலாம். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு நம்மிடம் பேசுபவனுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

எழுத்தறியாதவருக்கும் விளங்கும் ஒரு கணக்கு இதில் உண்டு. ஒருவர் கணக்கில் பணம் போடுவதற்கு அவருடைய கணக்கு இலக்கம் ஒன்றே போதும். அட்டையின் இலக்கமோ, அதன் பின்புறத்து மூன்று இலக்கமோ, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கமோ வேண்டியதில்லை. அவையெல்லாம் பணத்தை எடுப்பதற்கு வேண்டியவை. கொடுக்க வருகிறேன் என்பவன் எடுப்பதற்கான திறவுகோலைக் கேட்டால் அவன் யார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஆறு இலக்கம், வீட்டுக் கதவை உள்ளிருந்து சாத்தும் தாழ்ப்பாள் போன்றது. வெளியிலே நிற்பவனுக்கு அது எட்டாது. ஆதலினால் உள்ளே இருப்பவரைக் கொண்டே அதை நீக்குவிக்கிறான். பெரியம்மாவின் தொலைபேசியை வாங்கி அந்தச் செய்தியைப் படித்துப் பார்த்தேன். "இதை ஒருவரிடமும் பகிர வேண்டாம்" என்று அதிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பையன் இலக்கத்தை வாசித்தான்; வாக்கியத்தை வாசிக்கவில்லை. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் வந்த நோயன்று. ஜப்பானில், நகரசபை உத்தியோகத்தர் பேசுவதாகச் சொல்லி, மருத்துவச் செலவில் உங்களுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் இருக்கிறதென்று முதியவரை வங்கியின் பணப்பொறி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, தொலைபேசியிலேயே இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பொத்தானை அழுத்து என்று சொல்லிப் பணத்தைக் கறந்துவிடுகிறார்கள். அங்கே தொலைபேசியைக் காதில் வைத்தபடி பணப்பொறி முன் நிற்கும் முதியவரைக் கண்டால் வங்கி ஊழியர் அருகில் சென்று விசாரிக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பெயரால் இதே களவு நடப்பதால், மக்களை எச்சரிக்கவென்று ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு நாளையே ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் பொலிஸ் வேஷம். 2024 அக்டோபரில் பிரதமர் மோடி தம் வானொலி உரையில், தொலைபேசி மூலம் கைது செய்வதென்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது என்று சொல்ல வேண்டியிருந்தது. நம்மிடம் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைகளைச் சரித்துப் போனபின், நிவாரணத்தை எதிர்பார்க்காத வீடு குறைவு. அத்தகைய வேளையிலே எந்த அழைப்பும் உண்மைபோல ஒலிக்கும்.

வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியது பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. முதலாவது, முதியவர் கையிலிருந்து தொலைபேசியைப் பறிக்கக்கூடாது. சில பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள், பாதுகாப்பு என்கிறார்கள். பிள்ளைகள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் இருக்கும்போது, லயத்துக் காம்பராவில் தனியே இருக்கும் தாய்க்கு அந்தத் தொலைபேசிதான் வாசல். கள்வன் வந்தான் என்று வாசலையே சுவரெழுப்பி அடைப்பார் உண்டா? அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கலாம்: "பேரன் வந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன்." இதைச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட வேண்டும். மரியாதை குறையாத வாக்கியம். உத்தியோகத்தரை அவமதித்துவிட்டோமோ என்ற அச்சமும் முதியவருக்கு இராது. உண்மையான உத்தியோகத்தர் நாளைக்கும் இருப்பார். மற்றவன்தான் "இப்பொழுதே" என்று அவசரப்படுத்துவான்.

இரண்டாவது, சேமிப்பும் மாதச் செலவும் ஒரே கணக்கில் இருக்க வேண்டாம். சேமிப்பை அட்டையில்லாத புத்தகக் கணக்கொன்றில் வைத்துவிடலாம். அட்டையுள்ள கணக்கில் மாதப் பணம் மட்டும் இருந்தால் போனாலும் அந்த மாதத்தோடு போகும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. பெரியம்மா அன்று மாலையே சொல்லியிருந்தால் வங்கியிடம் அறிவித்து, பணத்தை மறிக்க முயன்றிருக்கலாம். மூன்று வாரம் கழிந்தது எதனால்? "மகள் ஏசுவாள்" என்பதனால். நம் வீடுகளில் முதியவர் ஒரு பிழை செய்துவிட்டால், அவர் நமக்குச் செய்த நன்மையெல்லாம் மறந்து, பிள்ளைகளுக்கு ஏசுவதுபோல ஏசுகிறோம். எத்தனை சபையில் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்! கள்வன் அந்தச் சிரிப்பை நம்பித்தான் தொழில் நடத்துகிறான். ஏச்சுக்கு அஞ்சும் தாய் மறைப்பாள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு இலாபம். ஆகவே தவறு நடக்குமுன்பே, "என்ன நடந்தாலும் சொல்லுங்கள் அம்மா, ஏசமாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

நடந்துவிட்டால், அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் வங்கி இலக்கத்துக்கு உடனே பேசி அட்டையை நிறுத்த வேண்டும். அழைத்தவன் கொடுத்த இலக்கத்துக்குப் பேசக்கூடாது. குறுஞ்செய்திகளை அழித்துவிடாமல் வைத்திருந்து பொலிஸில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம் இதற்கெல்லாம் இடமளிக்கிறது. இணையவழிக் குற்றங்களில் ஆலோசனை கூறும் இலங்கைக் கணினி அவசர நிலைமைப் பிரிவின் இலக்கம் 101. பொலிஸ் அவசர இலக்கம் 119.

என் வகுப்பிலே இதை ஒரு நாடகமாக நடத்திப் பார்த்தேன். ஒரு மாணவன் உத்தியோகத்தனாகவும் இன்னொருவன் பாட்டியாகவும் நின்றார்கள். முதலில் வகுப்பே சிரித்தது. பாட்டியாக நின்றவன் கெட்டிக்காரன், விஷயம் தெரிந்தவன். இருந்தும் மற்றவன் குரலை உயர்த்தி, "மாலை நாலு மணிக்குப் பெயரை வெட்டிவிடுவோம்" என்றதும், தன்னையறியாமல் "கொஞ்சம் பொறுங்க ஐயா" என்று கெஞ்சத் தொடங்கிவிட்டான். சிரிப்பு நின்றது. அன்று வீட்டுப் பாடமாக, அவரவர் வீட்டு மூத்தவரோடு இதே நாடகத்தை நடித்துவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி எழுந்து, தன் தாத்தா உத்தியோகத்தனாக நடித்த தன்னிடமே, "எந்தப் பிரதேச செயலகம், உன் மேலதிகாரி யார்?" என்று கேட்டுத் திக்குமுக்காட வைத்ததாகச் சொன்னாள். நான் நினைத்ததைவிட நம் மூத்தோர் தேறிவிடுவார்கள்; ஒத்திகைதான் வேண்டும். பெரட்டுக் களத்திலும் கோயில் ஒலிபெருக்கியிலும் நல்ல தமிழில் இரண்டு நிமிஷம் இதைச் சொல்ல எவருக்கும் பெருஞ் செலவாகாது. தோட்டக் கமிட்டிகளும் இளைஞர் மன்றங்களும் இதை எடுத்துச் செய்யலாம்.

பெரியம்மாவை அடுத்த நாளே வங்கிக்கும் பிறகு பொலிஸ் நிலையத்துக்கும் அழைத்துப்போனேன். அட்டையை நிறுத்தினார்கள்; முறைப்பாட்டைப் பதிந்தார்கள். பணம் எங்கே போயிற்றென்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பொலிஸில் பெயரைக் கேட்டபோது பெரியம்மா அடையாள அட்டையை நீட்டாமல், முதலில் என் முகத்தைப் பார்த்தார். "இவங்க நெசமான பொலிஸ்தானே?" என்று மெதுவாய்க் கேட்டார். எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் தமிழர். தலைநிமிர்ந்து, "கேட்கிறது நல்லதுதான் அம்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸிலே பேரன்தான் முதலில் பேசினான். "அம்மாயி, அம்மாகிட்ட நானே சொல்றேன். வாசிச்சது நான்தானே" என்றான். பெரியம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தேயிலை மலையைச் சுற்றி இரண்டு வளைவு ஏறிய பிறகு, "ரெண்டு பேருமாச் சொல்லுவோம்" என்றார். அன்றிரவு சொன்னார்களாம். மகள் ஏசவில்லை; சற்று நேரம் அழுதுவிட்டு, அடுத்த லீவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தொலைபேசி அரிசிப் பானையிலிருந்து மறுபடியும் ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை வங்கியில் பதில் கேட்கப் போக வேண்டும். பெரியம்மா பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் எடுத்துவரவா என்று கேட்டார். வேண்டாமென்றேன், எடுத்துக்கொண்டுதான் வருவார்.